சாமான் லிஸ்டையும் சேர்த்துப் படியுங்கள்: ஒரு யுத்தகாலத் தாதியின் கடிதங்கள்

பெரியம்மாவின் கடிதங்களைப் படித்துப் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். "இதில் ஒன்றுமே இல்லையே!" யுத்தகாலத்தில் யாழ்ப்பாணத்து மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை செய்த தாதி எழுதியது என்றதும் குண்டும் ரத்தமும் ஓட்டமுமாக எதையோ எதிர்பார்த்து உட்காருகிறார்கள். கிடைப்பதோ, "கர்த்தருக்குள் அன்பான தங்கச்சிக்கு, இங்கு யாவரும் சுகம். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் ஜெபிக்கிறேன்." அப்புறம் மாமரம் காய்த்திருக்கிறது, சபையில் பெண்கள் கூட்டம் நடந்தது, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கலியாணம் பேசியிருக்கிறார்கள். கடைசியில் ஒரு சாமான் லிஸ்ட். கையெழுத்து. அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால் அந்த லிஸ்ட்தான் கடிதம். மேலே இருப்பதெல்லாம் அம்மா பயந்துவிடக் கூடாதே என்று எழுதியது. இதைக் கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்சக் காலம் பிடித்தது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கட்டுக் கடிதம் இருந்தால், குறிப்பாகப் போர், கலவரம், இடம்பெயர்வு நடந்த ஊரிலிருந்து வந்ததாக இருந்தால், நான் கற்றுக்கொண்டதில் ஏதாவது உதவலாம்.

முதலில் ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் தாத்தா மலாயா ரயில்வேயில் கிளார்க் வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்துக்காரர். பெரியம்மா சிங்கப்பூரில் தாதியாகப் பயிற்சி எடுத்து, இங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கலியாணம் செய்யவில்லை. யாழ்ப்பாணத்தில் மானிப்பாய்ப் பக்கம் இருந்த குடும்ப வீட்டைப் பார்த்துக்கொள்ளப் போனவர், சும்மா இருக்க முடியாமல் மிஷன் ஆஸ்பத்திரியிலும் சபையின் நிவாரண வேலையிலும் கைகொடுக்க ஆரம்பித்தார். மானிப்பாயைப் பற்றி அவருக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்த டொக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் அங்கேதான் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார் என்று யாராவது கிடைத்தால் பிடித்து வைத்துச் சொல்லுவார். 1990 ஜூனில் அரசுப் படைக்கும் புலிகளுக்கும் சண்டை மறுபடி வெடித்தபோது "திரும்பி வா" என்று அம்மா எழுதியதற்கு வந்த பதிலில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. லாம்புத் திரி அனுப்பச் சொல்லியிருந்தார்.

ஏன் லாம்புத் திரி? 1990 நடுப்பகுதியோடு யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றுவிட்டது. எரிபொருள், பேட்டரி, சிமெண்டு, உரம் என்று நீளமான பட்டியலுக்கு அரசின் தடை. மண்ணெண்ணெய் தங்க விலை. ஜாம் போத்தலுக்குள் திரி போட்டு விளக்கெரித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள். கார்கள் சில சொட்டுப் பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடின. பனம்பழத்தைப் பிழிந்து உடுப்புத் தோய்த்தார்கள். இதெல்லாம் புத்தகங்களிலும் இருக்கிறது. ஆனால் ஒரு வாட்டுக்குள் நிற்கிற மிஸ்ஸிக்கு, அதாவது தாதிக்கு, இதன் பொருள் என்ன என்பது லிஸ்டில்தான் தெரிந்தது.

ஒரு கடிதத்தின் அடியில் இப்படி இருக்கிறது: "மணிக்கூடு ஒன்று. சாவி குடுக்கிறது. செக்கன் கம்பி கட்டாயம் வேணும்." நான் அப்போது பாலிடெக்னிக் மாணவி. பெரியம்மாவுக்கு இந்த வயதில் என்ன ஸ்டைல் என்று சிரித்தது ஞாபகம் இருக்கிறது. அம்மா சிரிக்கவில்லை. நாடித்துடிப்பு எண்ணுவதற்கு செக்கன் முள் வேண்டும். வெடிகுண்டுக்குப் பயன்படும் என்று பேட்டரி தடைசெய்யப்பட்டிருந்ததால் வாட்டில் இருந்த தாதிகளின் கைக்கடிகாரங்கள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்தன. சிங்கப்பூரிலோ அந்த நேரம் எந்தக் கடைக்குப் போனாலும் குவார்ட்ஸ் கடிகாரம்தான். அம்மா செராங்கூன் ரோட்டில் ஆரம்பித்து சைனாடவுன் வரை ஏறி இறங்கி, ஒரு சீனத் தாத்தாவின் ரிப்பேர் கடையில் யாரோ திரும்பி வந்து எடுக்காமல் விட்ட கடிகாரத்தை வாங்கி வந்தார். அது கொழும்புக்குப் போய், அங்கிருந்து யாரோ ஒருவர் கையில் கட்டிக்கொண்டு யாழ் குடாநாட்டைத் தெற்கே பிரிக்கிற கிளாலிக் கடலேரியைப் படகில் தாண்டிப் போய்ச் சேர்ந்தது. அடுத்த கடிதத்தில், "மணிக்கூடு நேரம் பிழையாமல் ஓடுது, மூன்று பேர் மாறி மாறிப் பாவிக்கிறம்" என்று மட்டும் இருந்தது.

ஆகவே நான் முதலில் சொல்வது இதுதான்: லிஸ்டுகளைத் தனியாக ஒரு எக்செல் தாளில் போடுங்கள். இடப்பக்கம் பொருள், மேலே கடிதத்தின் தேதி, கேட்ட அளவு, பக்கத்தில் எழுதிய குறிப்பு. எனக்கு அதைச் செய்து முடித்த பிறகுதான் ஐந்து வருடக் கதை கண்ணில் பட்டது. சவுக்காரம் (சோப்பு) எல்லாக் கடிதத்திலும் உண்டு. தையல் ஊசி, கறுப்பு நூல் நடுவில் வருகின்றன. வெள்ளைத் துணி ஆரம்பத்தில் "பழைய வேட்டி, இருந்தால்" என்று வருகிறது. பிறகு "பருத்தி மட்டும், நைலெக்ஸ் வேண்டாம்". பிறகு "கஞ்சி போட்டதை அனுப்ப வேண்டாம், ரத்தம் உறிஞ்சாது". பிறகு "எவ்வளவு இருந்தாலும்". வேட்டியை அவித்து, காயவைத்து, கிழித்து, விறகடுப்பில் ஆவி பிடித்துக் கட்டுத்துணி ஆக்கியிருக்கிறார்கள். காயப்பட்டவர்களின் எண்ணிக்கையை அவர் எங்கேயும் எழுதவில்லை. துணிக் கணக்கு இருக்கிறது.

லிஸ்டில் இல்லாததையும் பாருங்கள். ஆஸ்பத்திரியில் இருக்கிறவர் மருந்தே கேட்கவில்லை என்பது எனக்கு முதலில் விசித்திரமாக இருந்தது. நான் இதை மாமியிடம் காட்டினேன். மாமி அந்த வருடங்களில் யாழ்ப்பாணத்தில் டீச்சராக இருந்தவர், பிறகுதான் இங்கே வந்தார்.

"பிள்ளை, மருந்துப் பேர் எழுதினா ஆர் கொண்டு போறது? சென்றியில பையைக் கொட்டிப் பாப்பாங்கள். மருந்துக்கும் ஒப்பரேசன் சாமானுக்கும் பாதுகாப்பு அமைச்சின்ர அனுமதி வேணும். உன்ர பெரியம்மா, கொண்டு வாற ஆளை யோசிச்சுத்தான் லிஸ்ட் போட்டிருக்கிறா."

அதற்குப் பிறகு லிஸ்டைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு படகும் ஒரு சோதனைச் சாவடியும் சேர்ந்தே தெரிகின்றன. கனமான பொருள் ஒன்றுமில்லை. சந்தேகம் வரக்கூடிய பொருள் ஒன்றுமில்லை. வேட்டியும் ஊசியும் மூக்குக்கண்ணாடியும் யார் கொண்டுபோனாலும் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

இரண்டாவது இடம், வசனம். கிறிஸ்தவக் குடும்பங்களில் கடிதத்தின் வலது மூலையில் ஒரு வேத வசனக் குறிப்பு போடுவது வழக்கம். "சங். 46" என்று மட்டும் இருக்கும், வசனத்தை எழுத மாட்டார்கள். தட்டச்சு செய்கிறவர்கள் இதைப் பக்க அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். ஒவ்வொன்றையும் வேதாகமத்தில் திறந்து பாருங்கள். 1990இல் எல்லாம் 46, 91, 121 என்று அடைக்கலச் சங்கீதங்கள்தான். ஆண்டவர் காப்பார், பயமில்லை என்ற தொனி.

1995 ஜூலை 9ஆம் தேதி நவாலி சென் பீட்டர்ஸ் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள் மேல் இலங்கை விமானப்படை குண்டு போட்டது. நூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். நவாலி மானிப்பாயை ஒட்டிய ஊர். அந்த மாதம் எழுதிய கடிதத்தில் பெரியம்மா அதைச் சொல்லவே இல்லை. "வேலை கொஞ்சம் கூட, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்" என்கிறார். லிஸ்டில் வெள்ளைத் துணி, ஒரே ஒரு வரி. மூலையில் "சங். 13". ஆண்டவரே, இன்னும் எவ்வளவு காலத்துக்கு என்னை மறந்திருப்பீர் என்று முறையிடுகிற சங்கீதம் அது. அவரிடமிருந்து அப்படி ஒரு குறிப்பு அதற்கு முன்னால் வந்ததே இல்லை.

அம்மாவுக்கு அது உடனே புரிந்திருக்கிறது. எப்படித் தெரியும் என்றால், அம்மாவின் வேதாகமத்தில் அந்தச் சங்கீதத்தின் ஓரத்தில் பென்சிலில் ஒரு தேதி இருக்கிறது. கடிதம் வந்த தேதி. தேடிப் பார்த்தால் எல்லாச் சங்கீதங்களுக்குப் பக்கத்திலும் அப்படியே. கடிதம் கிடைத்த அன்றே வசனத்தைத் திறந்து, தேதி போட்டு வைத்திருக்கிறார். எனக்கு இது பெரிய புதையல். ஏனென்றால் ஆட்கள் கையில் கொடுத்தனுப்பிய கடிதங்களுக்குத் தபால் முத்திரை இல்லை. பலவற்றுக்கு உறையும் இல்லை. எழுதிய தேதிக்கும் வந்த தேதிக்கும் இடையில் சில நேரம் இரண்டு மூன்று மாதம் ஓடியிருக்கிறது. கடிதம் பெற்றவரின் வேதாகமம், நாட்காட்டி, வீட்டுக் கணக்குப் புத்தகம் எல்லாவற்றையும் கடிதக் கட்டோடு சேர்த்து வையுங்கள். கணக்குப் புத்தகத்தில் "அக்காவுக்கு மணிக்கூடு" என்று ஒரு செலவு எழுதியிருந்தால் போதும், ஒரு கடிதத்தின் இடம் உறுதியாகிவிடும்.

மூன்றாவது, தாள். ஆரம்பத்தில் நீல ஏரோகிராம். பிறகு பள்ளிக்கூடக் கொப்பியைக் கிழித்த கோடு போட்ட தாள். 1993க்குப் பிறகு சில கடிதங்கள் நோயாளிகளின் காய்ச்சலைக் குறித்துவைக்கிற ஆஸ்பத்திரிச் சார்ட்டின் பின்பக்கத்தில் இருக்கின்றன. தாள் தட்டுப்பாடு என்று அவர் எழுதவில்லை, தாளே சொல்லிவிட்டது. அதனால் ஸ்கேன் பண்ணும்போது இரண்டு பக்கமும் எடுங்கள், வெற்றுப் பக்கமாக இருந்தாலும் சரி. இந்த மாதிரி மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து முன்பக்கம் ஊறித் தெரியும். தாளுக்குப் பின்னால் ஒரு கறுப்பு அட்டையை வைத்து ஸ்கேன் பண்ணினால் அது பெருமளவு குறைந்துவிடும். 600 டிபிஐ, நிறத்தோடு, டிஃப் கோப்பாக. போனில் எடுத்த படம் வாட்ஸ்அப்பில் அனுப்ப நல்லது, பாதுகாத்து வைக்க அல்ல.

இந்தச் சார்ட்டுகளில் ஒரு சிக்கலும் உண்டு. பெயர், வயது, ஊர், நோய் எல்லாம் எழுதியிருக்கிறது. அந்த நோயாளி இப்போது எங்கேயோ உயிரோடு இருக்கலாம், அவருடைய பிள்ளைகள் இருக்கலாம். குடும்பக் குழுவில் ஆர்வத்தில் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. நான் இரண்டு பிரதி வைத்திருக்கிறேன். மூலப் பிரதி யாருக்கும் போகாது. மற்றதில் பெயர்களைக் கறுப்புக் கட்டத்தால் மறைத்து, அதைப் புதுப் படமாகச் சேமித்திருக்கிறேன். பிடிஎஃப்பில் மேலாகக் கட்டம் வரைவதோடு விட்டுவிட்டால் யாராவது அதை நகர்த்திப் பார்த்துவிடலாம்.

இனி சேமிப்பு. சிங்கப்பூரின் ஈரக்காற்றுக்குக் காகிதம் என்றால் கொள்ளைப் பிரியம். அம்மா கடிதங்களைக் கோங் குவான் பிஸ்கட் டின்னில் போட்டு, வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் பாம் ஷெல்டரில் பழைய மின்விசிறிக்குப் பின்னால் வைத்திருந்தார். பங்கருக்குள் இருந்து எழுதிய கடிதத்தைக் குண்டு துளைக்காத அறையில் வைத்தது பொருத்தம்தான் என்று தம்பி கேலி செய்வான். ஆனால் கதவைச் சாத்திவிட்டால் காற்றோட்டம் குறைந்த அந்த அறைதான் காகிதத்துக்கு ஆகவே ஆகாது. டின்னின் அடியில் இருந்த தாள்களில் பூஞ்சை பிடித்திருந்தது. பூஞ்சை பிடித்ததை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியாகப் பையில் போட்டு, மாஸ்க் போட்டுக்கொண்டுதான் திறக்க வேண்டும். வீட்டுக்குள் வைத்துத் துடைக்கவே கூடாது, எல்லா இடமும் பரவும். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் ட்ரை கேபினெட் ஒன்று சின்னதாக வாங்கினேன். ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குப் பக்கத்தில் வைத்தால் போதும். மிகவும் உலர்த்தினால் தாள் முறுமுறுத்து உடையும்.

துருப்பிடித்த குண்டூசியை இழுத்து எடுக்காதீர்கள். அதன் கீழே மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகிக்கொண்டு மெதுவாக நகர்த்துங்கள். கிழிந்த இடத்தில் செலோடேப் வேண்டவே வேண்டாம், சில வருடத்தில் மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். லேமினேட் பண்ணுவது அதைவிட மோசம். வெள்ளைக் கையுறை சினிமாவில் அழகாக இருக்கும். மெல்லிய தாளுக்குக் கழுவித் துடைத்த வெறுங்கைதான் நல்லது, கையுறையில் தாளின் ஓரம் தட்டுப்படாமல் கிழிந்துபோகும். எண் போடுவதாக இருந்தால் பின்பக்க மூலையில் மென்மையான பென்சிலால் போடுங்கள். ஏரோகிராம் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: ஒட்டும் மடிப்பின் உள்பக்கத்தையும் பாருங்கள். பெரியம்மா இடம் போதாமல் அங்கேதான் லிஸ்டை எழுதுவார். கடிதத்தை அவசரமாகக் கத்தரித்துத் திறந்த வீடுகளில் அந்தத் துண்டு குப்பைக்குப் போயிருக்கும்.

படிப்பது இன்னொரு பாடு. தமிழ்நாட்டில் 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்தைப் பின்பற்றிப் படித்த பிள்ளைகளுக்குப் பழைய ணை, லை, னை, றா வடிவங்கள் பிடிபடுவதில்லை. என் மகள் உயர்நிலையில் தமிழில் நல்ல மதிப்பெண் வாங்குகிறவள்தான், பெரியம்மாவின் கூட்டெழுத்தைப் பார்த்து "இது தமிழாம்மா?" என்றாள். போனில் இருக்கும் எழுத்துணரும் வசதிகளும் கையை விரித்துவிட்டன. அதனால் மாமியை உட்கார வைத்து உரக்கப் படிக்கச் சொல்லி போனில் பதிவு செய்தேன். இதைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்பேன், ஸ்கேனுக்கும் முன்னால். ஸ்கேன் அடுத்த வருடமும் பண்ணலாம், மாமிக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. படித்துக்கொண்டே போகும்போது அவர் நிறுத்தி நிறுத்திச் சொல்கிற விஷயம்தான் பொக்கிஷம். "பெ.வா." என்றால் பெண்கள் வாட்டு, "ம.எ." என்றால் மண்ணெண்ணெய் என்று எனக்கு யார் சொல்லியிருப்பார்கள்? தட்டச்சு செய்யும்போது மணிக்கூட்டைக் கடிகாரம் ஆக்க வேண்டாம், பிழையைத் திருத்தவும் வேண்டாம். எழுதியது எழுதியபடி. தெரியாத இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே போங்கள்.

1995 அக்டோபர் கடைசியில், ராணுவம் நெருங்கி வந்தபோது, யாழ்ப்பாணம் ஒரே இரவில் காலியானது. லட்சக்கணக்கான சனம் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அதற்குப் பிறகு வந்தது செஞ்சிலுவைச் சங்கத்தின் செய்திப் படிவம் ஒன்று. குடும்பச் செய்தி மட்டும்தான் எழுதலாம், உறை இல்லை, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். "கைதடியில் இருக்கிறேன். சுகம்." லிஸ்ட் இல்லை. வசனமும் இல்லை. லிஸ்ட் இல்லாததால்தான் அம்மா அழுதார் என்று இப்போது நினைக்கிறேன். கேட்பதற்கு ஏதாவது இருக்கும்வரை அக்காவுக்கு ஒரு வேலை இருந்தது, ஒரு வாட்டு இருந்தது. அடுத்த ஆண்டு பெரியம்மா கொழும்பு வழியாக இங்கே வந்துசேர்ந்தார். ஷார்ட் ஸ்ட்ரீட் தமிழ் மெதடிஸ்ட் சபைக்கு ஞாயிறு தவறாமல் போவார். ஆராதனையில் சாட்சி சொல்லும்படி, அதாவது தன் அனுபவத்தைப் பேசும்படி, யாரோ கேட்டபோது மாட்டேன் என்றுவிட்டார்.

இப்போது இந்தக் கட்டை ஆவணக் காப்பகம் ஒன்றுக்குக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறோம். அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது: கடிதத் தாள் யாருக்கு வந்ததோ அவருக்குச் சொந்தம், ஆனால் எழுத்தின் காப்புரிமை எழுதியவருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும்தான். பெரியம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆக உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள் எல்லாரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டியிருந்தது. டொராண்டோவில் இருக்கும் பெரிய மாமாவின் மகனிடம் கேட்டபோது, "எங்க அப்பாவுக்கும் எழுதியிருக்கிறாவே!" என்று அவர்கள் வீட்டுக் கடிதங்களின் படங்களை அனுப்பினார். அதே மாதங்கள், அதே கையெழுத்து. ஆனால் மாமாவுக்கு எழுதியதில் மாமரமும் இல்லை, கலியாணமும் இல்லை. எந்த நாள் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேரைக் காப்பாற்ற முடியவில்லை என்று நேராக எழுதியிருக்கிறார். ஒன்றின் அடியில், "தங்கச்சிக்கு இதைச் சொல்ல வேண்டாம், அவ தாங்க மாட்டா."

காயப்பட்டவர்கள் அதிகம் வந்திருப்பார்கள் என்று துணிக் கணக்கை வைத்து நான் ஊகித்த மாதங்களை அந்தக் கடிதங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் பொருந்துகிறது. 1994இல் மட்டும் எனக்குப் புரியாத ஓர் இடைவெளி. லண்டனில் இருக்கும் சின்னம்மா வீட்டில் இன்னொரு கட்டு இருக்கிறதாம். டிசம்பர் விடுமுறைக்கு வரும்போது கொண்டுவருகிறேன் என்றிருக்கிறார். பெட்டியில் போட்டு ஏற்றிவிடாதீர்கள், கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், உறைகளையும் எறியாமல் எடுத்துவாருங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.